நோய்க்காலத்து நீர்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் திருப்புல்லாணி என்னும் ஊர் உள்ளது. ஆதி ஜகந்நாதப் பெருமாள் கோயில் கொண்டுள்ள இவ்வூர், வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் ஒன்று. இலங்கைக்குச் செல்ல வழி வேண்டி இராமபிரான் தருப்பைப் புல்லைப் பரப்பி, அதன்மேற் கிடந்து கடலரசனை வேண்டினான் என்று தலவரலாறு கூறும். புல்லணை என்னும் சொல்லே புல்லாணி என மருவிற்று என்பர். ஊரிலிருந்து இன்னும் சிறிது தெற்கே சென்றால் சேதுக்கரை. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரளாக வந்து அங்கே கடலாடுவர்.

கடலாட வந்தவர்க்குக் கண்ணுக்கெட்டிய மட்டும் நீர் தோன்றும். ஆயினும் விடாய் தீர்க்க ஒரு செம்பு நீரை அவர்கள் கரையிலேதான் தேட வேண்டும். அக்கரையிலோ நல்ல நீர் எளிதிற் கிடைப்பதன்று. இராமநாதபுரக் கடற்கரையின் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்நீர். மணற்பாங்கான மேடுகளில் மட்டும் மழைநீர் ஊறி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலம்போல் மிதந்து நிற்கும். நன்னீர் உப்புநீரினும் இலேசானது. ஆதலின் அது மேலே தங்குகிறது. இதனைக் கண்டறிந்த இப்பகுதி மக்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, கசிந்து வரும் நீரைச் சிரட்டையால் மெல்ல மெல்ல மொண்டு குடத்தில் நிரப்புவர். ஆழத் தோண்டினாலும், விரைந்து இறைத்தாலும், கீழிருந்து உப்பு மேலேறிவிடும். சிரட்டையால் மொள்ளுவது வறுமையின் அடையாளம் மட்டுமன்று. மணலின் இயல்பறிந்த அறிவும் ஆகும். பிற ஊர்களில் மழைநீரைத் தேக்கி வைக்கும் ஊருணிகளே மக்களைக் காத்து வந்தன. இக்காலத்தில் காவிரி நீரைக் குழாய் வழியே இம்மாவட்டத்திற்குக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டுள்ளது. ஆயினும், குழாயின் முன் குடங்கள் வரிசையாகக் காத்திருக்கும் காட்சி கோடைக்காலத்தில் இன்னும் மறையவில்லை.

கடல்நீரை ஏன் பருகலாகாது? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. உடலுக்குள் மிகுதியாகப் புகுந்த உப்பைச் சிறுநீரகங்களே வெளியேற்ற வேண்டும். அவை உப்பை வறிதே வெளியேற்ற இயலாது. நீரிற் கரைத்தே வெளியேற்றும். ஒரு குவளைக் கடல்நீரில் உள்ள உப்பைக் கரைத்து வெளியேற்ற ஒரு குவளைக்கு மேற்பட்ட நீர் வேண்டும். அந்த மிகுதி நீர் உடலிலிருந்தே எடுக்கப்படும். ஆகவே கடல்நீரைக் குடித்தவன் குடிக்கக் குடிக்க வறள்கின்றான். படகு திசை தப்பிப் பல நாள் கடலில் அலைந்த மீனவர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

நீரும் உப்பும் தம்முள் ஓர் அளவோடு இருத்தல் வேண்டும் என்பதே இதனால் விளங்குவது. மனித உடலின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு அளவிற்கு நீரே உள்ளது. பிறந்த குழந்தையின் உடலில் இது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்காக இருக்கும். குருதியாய் ஓடுவதும், உணவைச் செரிக்கும் சாறுகளாய்ச் சுரப்பதும், வியர்வையாய் வெளிப்பட்டு உடலைக் குளிர்விப்பதும் அந்நீரே. அதில் சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகள் குறித்த அளவில் கரைந்துள்ளன. நீர் மிகக் குறைந்தால் குருதியின் அளவு குறையும், நாடி விரையும், சிறுநீர் சுருங்கும், இறுதியில் மூளைக்கும் சிறுநீரகங்களுக்கும் குருதி எட்டாமற் போகும்.

நோய் வந்தபோது நீரிழப்பு பல வழிகளில் நேர்கின்றது. காய்ச்சலில் தோல் வழியாகவும் மூச்சின் வழியாகவும் நீர் மிகுதியாக வெளியேறும். நாவில் சுவையற்றுப் போவதால் நோயாளி பருகுவதும் குறைந்துவிடும். ஆதலின் காய்ச்சலுற்றவர்க்குச் சிறிது சிறிதாகப் பலமுறை நீரும் கஞ்சியும் கொடுத்தல் வேண்டும். ஆனால் காய்ச்சலில் நாட்கணக்கில் நேரும் இழப்பு, வயிற்றுப்போக்கில் மணிக்கணக்கில் நேர்ந்துவிடும். அதன் காரணத்தை அறியக் குடலின் வேலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

நாம் நாள்தோறும் பருகுவது இரண்டு லிட்டர் அளவே. ஆயினும் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையச் சாறு, குடற்சாறு ஆகியன அதனோடு சேர்ந்து, ஒரு நாளில் எட்டு ஒன்பது லிட்டர் நீர் குடலுக்குள் வருகின்றது. குடலின் உட்சுவர் அதனைக் கிட்டத்தட்ட முழுவதும் மீண்டும் உறிஞ்சிக் குருதிக்கு அனுப்பிவிடுகிறது. வெளியேறுவது ஒரு கையளவே. இவ்வளவு பெரிய கொள்முதலும் கொடுத்தலும் நாள்தோறும் ஓசையின்றி நடைபெறுகின்றன. நோய்க்கிருமிகள் அச்சுவரைத் தாக்கும்போது உறிஞ்சுதல் குறைகிறது, அல்லது சுரத்தல் பெருகுகிறது. வாந்திபேதி என்று நம் முன்னோர் அழைத்த காலராவிலோ, அக்கிருமியின் நஞ்சு குடற்சுவரின் உயிரணுக்களை ஓயாது சுரக்கச் செய்துவிடும். கொடிய நிலையில், வளர்ந்த ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழத்தலும் உண்டு. காலையில் நலமாயிருந்தவர் மாலையில் இறந்துபட்டதன் காரணம் இதுவே. அவரைக் கொன்றது வறட்சி.

இந்நோய்கள் வந்த வீடுகளில் நெடுங்காலமாக ஒரு பழக்கம் இருந்து வந்தது. பேதியாகும் குழந்தைக்கு நீர் கொடுத்தால் பேதி மேலும் பெருகும் என்று கருதி, நீரையும் பாலையும் நிறுத்தி வயிற்றைக் காயப்போடுவர். குழந்தை நாவறண்டு நீருக்கு அழும். அன்பு மிக்க தாயும் பாட்டியும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்துவிடுவர். அவர்களைப் பழிப்பதிற் பயனில்லை. நீர் கொடுத்தவுடன் பேதியாவதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். கண்டதிலிருந்து காரணத்தைத் தவறாக ஊகித்தனர். கற்றறிந்த மருத்துவருள்ளும் பலர் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் குடலுக்கு ஓய்வு தருவதே முறை என்று கூறி வந்தனர்.

சேதுவை நாடி வந்தவர்களும், சேதுவிலிருந்து கடல் கடந்தவர்களும் வாந்திபேதியின் கொடுமையை நன்கு கண்டவர்கள். 1817ஆம் ஆண்டில் வங்காளத்தில் யசோர்ப் பகுதியிலிருந்து பரவத் தொடங்கிய பெருங்கொள்ளைநோய், மறு ஆண்டிலேயே தென்னாட்டையும் எட்டியது. அதன்பின், மக்கள் கூடும் திருவிழாக்களும் யாத்திரை வழிகளும் அந்நோய்க்கு வாயில்களாயின. குடிநீருக்கென ஒரே குளத்தை ஆயிரக்கணக்கானோர் நம்பியிருந்த இடங்களில் அது காட்டுத்தீயெனப் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலை தேடிச் சென்ற தமிழ் மக்கள், இக்கடற்கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டு வழியை நடந்தே கடந்தனர். அவ்வழியில் நீர்நிலைகள் அரிது. இருந்தவையும் தூயவை அல்ல. வாந்திபேதி கண்டு வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அவர்களுக்குப் பெயரெழுதிய கல்லும் இல்லை. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாமை அமைத்தது. தோட்டங்களுக்குச் செல்வோரைச் சில நாள் அங்கே தங்கவைத்து, நோய் இல்லை என்று கண்ட பின்னரே கப்பலேற்றினர். நோய் பரவாமற் காக்கும் வழி ஒருவாறு கிட்டிற்று. நோய் கண்டவரை எளிதில் காக்கும் வழியோ அப்போதும் கிட்டவில்லை.

நோயின் காரணத்தை அறிஞர்கள் படிப்படியாகவே அறிந்தனர். 1854இல் இலண்டனில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், ஒரு தெருக்குழாயின் நீரைப் பருகியவர்களிடையே நோய் மிகுதியாயிருத்தலைக் கணக்கிட்டுக் காட்டினார். 1884இல் இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவிற்கு வந்து, ஆங்குள்ள குளத்து நீரிலும் நோயாளிகளின் குடலிலும் அக்கிருமியைக் கண்டார். அக்கிருமி உண்டாக்கும் நஞ்சே குடலினின்று நீரை வெளியேற்றுகிறது என்பதை 1959இல் மெய்ப்பித்தவர் கல்கத்தா மருத்துவரான சம்புநாத தே. காரணம் ஒருபுறம் துலங்க, மருந்து மறுபுறம் வேறு வழியில் வளர்ந்தது. 1832இலேயே தாமஸ் லாட்டா என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் உப்பு கலந்த நீரை நோயாளியின் இரத்தக் குழாய்க்குள் செலுத்தி, சாகும் தறுவாயில் இருந்த சிலரை எழுப்பினார். இம்முறை இன்றும் உயிர்காப்பதே. ஆயினும் அதற்குத் தூய கண்ணாடிக் குப்பியும் ஊசியும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும். மருத்துவமனைக்கு நெடுந்தொலைவில் உள்ள சிற்றூரில், நள்ளிரவில் நோயுற்ற குழந்தைக்கு அவை எங்ஙனம் கிட்டும்?

வாய்வழியே கொடுத்த நீர் குடலில் தங்காதோ என்பதே எல்லாருடைய ஐயமும். கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்பவர் 1953இலேயே உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் காலரா நோயாளிகளைக் குணப்படுத்தி, அதனை ஆங்கில மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டார். பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1960இல் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார்: குடற்சுவரில் சர்க்கரையும் உப்பும் இணைந்தே உள்ளே செல்கின்றன. இரட்டைப் பூட்டுள்ள ஒரு கதவை ஒருவர் மட்டும் திறக்க இயலாது. இருவரும் தத்தம் சாவியைக் கொண்டுவந்தால் கதவு திறக்கும். குளுக்கோசும் சோடியமும் அவ்விருவரைப் போன்றவை. அவை உள்ளே சென்றால், நீரும் அவற்றைப் பின்தொடர்ந்து செல்லும். வியப்பு என்னவெனில், காலரா நஞ்சு குடலைச் சுரக்கச் செய்தாலும் இக்கதவை மூடுவதில்லை. ஒருபுறம் வீடு ஒழுகிக்கொண்டிருக்க, மறுபுறம் நீர் நிரப்பும் வாயில் திறந்தே இருக்கிறது. வெறும் நீரையோ வெறும் உப்புநீரையோ கொடுத்தவர்கள் தோல்வியுற்றதற்கும் இதுவே காரணம்; அவர்களிடம் ஒரு சாவியே இருந்தது. 1968இல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்டு கேஷ் என்னும் இரு மருத்துவர்கள் நோயாளிகளிடம் இதனைச் செவ்வனே சோதித்து உறுதி செய்தனர்.

சோதனைக்கூடத்தில் கண்டதனைக் களத்தில் நிறுத்தும் காலம் மூன்றாண்டில் வந்தது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்திய எல்லைக்குள் அடைக்கலம் புகுந்தனர். மழைக்காலத்தில் முகாம்களில் காலரா புகுந்தது. எல்லையை அடுத்த பன்காவ் என்னும் ஊரின் மருத்துவமனைக்கு மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அனுப்பப்பட்டார். கட்டில்கள் போதாமல் நோயாளிகள் தரையிற் கிடந்தனர். இரத்தக் குழாயிற் செலுத்தும் திரவம் விரைவில் தீர்ந்துபோகும் நிலை. அவர் ஓர் அரிய துணிவு கொண்டார். கல்கத்தாவில் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என நிறுத்துக் கலந்து பைகளில் அடைத்தனர். முகாமில் அதனைக் குழாய் பொருத்திய பெரிய தகரப் பீப்பாய்களில் தூய நீரோடு கரைத்தனர். நோயாளியின் உறவினரே, தாயோ தமையனோ, குவளைகளில் பிடித்துவந்து கொடுத்தனர். செவிலியர் போதாமையால் நேர்ந்த இவ்வேற்பாடே அம்முறையின் பெரிய வலிமையாயிற்று. மருத்துவம் தெரியாத ஒருவர் ஒரு குவளையைக் கொண்டு உயிரைக் காக்க முடியும் என்பதை அம்முகாம் காட்டியது. முன்னர் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த இடத்தில், வாய்வழி நீர் கொடுக்கப்பட்டவருள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவானவரே இறந்தனர்.

இதனை உலகம் உடனே ஏற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்தே உலகச் சுகாதார நிறுவனமும் குழந்தைகள் நிதியமும் இவ்வுப்புக் கலவையைப் பொட்டலமாக்கி நாடெங்கும் பரப்பின. 1978இல் ஓர் இலண்டன் மருத்துவ ஏடு இதனை அந்நூற்றாண்டின் மிகப்பெரும் மருத்துவ முன்னேற்றமாகக் கருதலாம் என்று எழுதிற்று. ஐந்து கோடிக்கு மேற்பட்ட உயிர்களை இது காத்திருக்கும் என்று மதிப்பிடுவர். மகலனாபிஸ் 2022இல் மறைந்தார். மறு ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்துப் போற்றியது.

இக்காலப் பொட்டலத்தின் அளவுகள் 2002இல் திருத்தப்பட்டவை. ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் சமையல் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்டு. ஆக மொத்தம் 20.5 கிராம். சர்க்கரையும் உப்பும் முன்னளவிற் குறைந்ததால் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் முன்னினும் குறைகின்றன. இப்பொட்டலம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கும்; கிராமச் சுகாதாரச் செவிலியரிடமும் பெறலாம். வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளுக்கு மருத்துவர் துத்தநாக மாத்திரையையும் பதினான்கு நாள் வரை கொடுக்கச் சொல்வதுண்டு. அது பேதியின் கால அளவைக் குறைக்கும்.

பொட்டலம் கையில் இல்லாதபோது என் செய்வது? வங்காளதேசத்தில் 1980 முதல் பத்தாண்டுகள் ஒரு தொண்டு நிறுவனத்தார் வீடு வீடாகச் சென்று, உப்பும் வெல்லமும் நீரில் கலக்கும் முறையை ஒரு கோடிக்கு மேற்பட்ட தாய்மாருக்குக் கற்பித்தனர். அளவைக் கையாலேயே காட்டினர்: விரல் நுனியால் எடுக்கும் உப்பு, கைப்பிடி வெல்லம். நம் நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் வீட்டு முறை, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் சமமாக வழித்த ஆறு சிறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு தேக்கரண்டி உப்பும் கலப்பதாகும். குடிக்கும் முன் நாவிலிட்டுப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கலாகாது. கரித்தால் அதனைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். சிறு குழந்தைக்கு மிகை உப்பு நஞ்சு போன்றது. அரிசிக் கஞ்சியும், சோற்றில் ஊறிய நீராகாரமும் உப்புச் சேர்த்துப் பருகினால் நல்ல துணையாகும். ஏனெனில் சோற்றின் மாப்பொருளே குடலில் குளுக்கோசாக மாறுகிறது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆதலின் அது துணையே அன்றி மாற்றாகாது. பதநீரும் கடையில் விற்கும் வண்ண இனிப்பு நீர்களும் வேறு. அவற்றின் மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைப் பெருக்கிவிடும்.

திருப்புல்லாணி போன்ற ஊர்களில் இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். புத்தகங்களில் எழுதப்பட்ட அளவுகள் யாவும் உப்பற்ற நன்னீருக்கு உரியவை. ஊரின் உவர்க்கிணற்று நீரில் அதே அளவு உப்பையோ பொட்டலத்தையோ கரைத்தால், கலவையின் உப்பு வரம்பு மீறும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது, நீர் ஆவியாவதால் உப்பு சற்று ஏறவே செய்யும். ஆகவே நோயாளிக்குரிய கரைசலுக்குக் குழாய்வழி வரும் நன்னீர், ஊருணி நீர், சேமித்த மழைநீர், சுவையான ஊற்று நீர் ஆகியவற்றுள் ஒன்றைக் காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்த வேண்டும். நீருக்கே நெருக்கடியான கோடை நாட்களிலும், வீட்டில் ஒரு குடம் நன்னீரை நோய்க்கென ஒதுக்கி மூடி வைக்கும் தாயர் அவ்வூர்களில் உண்டு.

கொடுக்கும் முறையிலும் நிதானம் வேண்டும். இரண்டு வயதிற்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர். பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலிட்டர். பெரியவர்க்கு விரும்பிய அளவு. ஒரே மூச்சில் குடிக்கச் செய்யாமல், கரண்டியாலோ சிறு வாய்களாகவோ கொடுத்தல் நல்லது. வாந்தி எடுத்தால் அஞ்சி நிறுத்திவிடலாகாது. பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் மெல்லக் கொடுக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உணவையும் நிறுத்தாது, குழைந்த சோறு, பழம், மோர் ஆகியவற்றைக் கொடுத்து வருதல் வேண்டும். சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்க்கு எவ்வளவு பருகுவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

நீர் மிகக் குறைந்துபோனதைச் சில குறிகள் காட்டிக்கொடுக்கும். கண்கள் குழிந்திருத்தல், அழுதாலும் கண்ணீர் வாராமை, நாவும் உதடும் உலர்தல், பல மணி நேரம் சிறுநீர் கழியாமை, கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்குதல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மெல்லப் படிதல் என்பன அவை. குழந்தை துவண்டு கிடந்தாலும், ஒரு வாயும் பருக இயலாவிட்டாலும், பேதியில் இரத்தம் கண்டாலும், கால் கை சில்லிட்டாலும், வீட்டுக் குவளையை நம்பிக் காத்திராது மருத்துவமனைக்கு விரைய வேண்டும். விரையும் வழியிலும் கொடுக்க முடிந்தால் கொடுத்துக்கொண்டே செல்லலாம்.

பொட்டலத்தை முழுவதும் ஒரே முறையில் ஒரு லிட்டர் நீரிற் கரைக்க வேண்டும். பாதியை இன்றும் பாதியை நாளையும் கரைத்தால் அளவு கெடும். பால், பழச்சாறு, தேநீர் ஆகியவற்றிற் கரைப்பதும், சுவைக்காக மேலும் சர்க்கரை சேர்ப்பதும் தகாது. கரைத்த நீரை மூடி வைத்து, இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் தீராவிடின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த நாளுக்கு வேறு பொட்டலம், வேறு நன்னீர்.